பேக்கன் அவிழ்கிறது, சிப்பி ரப்பராகிறது: பிரிட்டன் பேக்கன் பலகாரங்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

டிசம்பர் பிறந்ததும் என் வாட்ஸப்பில் ட்ரே படங்கள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, இது ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று ஒரு வரி. கூடவே வெளுத்துச் சுருண்ட பேக்கனும் (உப்பில் பதப்படுத்திய பன்றியிறைச்சிச் சீவல்) கருகி ஒட்டிய பேப்பரும். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையோரம் ஒரு பப்பின் சமையலறையில் பல வருஷம் நின்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலித்துப்போய்தான் இதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முழுவதும் படிக்க வேண்டாம், உங்கள் ட்ரேயில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். அடுத்த சில பத்திகளை மட்டும் தாண்டாதீர்கள்.

பேசப்போவது மூன்று பலகாரங்களைப் பற்றி. முதலாவது பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ், போர்வைக்குள் பன்றி. சிப்போலாட்டா என்னும் மெல்லிய பன்றி சாசேஜை பேக்கனில் சுற்றியது. கிறிஸ்துமஸ் வான்கோழிக்குப் பக்கத்தில் இது இல்லாவிட்டால் பிரிட்டன் வீடுகளில் முகம் தூக்கிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்தில் இதையே கில்ட் (அங்கே ஆண்கள் கட்டும் பாவாடை) கட்டிய சாசேஜ் என்பார்கள். இரண்டாவது டெவில்ஸ் ஆன் ஹார்ஸ்பேக், குதிரைமேல் பிசாசு. உள்ளே ப்ரூன் என்னும் உலர்ந்த பிளம் பழம், சில வீடுகளில் பேரீச்சை. மூன்றாவது ஏஞ்சல்ஸ் ஆன் ஹார்ஸ்பேக், குதிரைமேல் தேவதை. உள்ளே ஆய்ஸ்டர் சிப்பி.

பிசாசும் தேவதையும் விக்டோரியா காலத்து விருந்தில் 'சேவரி' என்ற கடைசிச் சுற்றில் வந்தவை. இனிப்பு முடிந்து, போர்ட் வைன் ஊற்றுவதற்கு முன்னால், நாக்கில் ஒட்டிய தித்திப்பைப் போக்க உப்பும் காரமுமாக ஒரு வாய். அப்போது எட்டுப் பேருக்குப் பதினாறு சுட்டு, கிரில்லிலிருந்து நேரே மேசைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அவை விருந்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டன. நாம் அறுபது செய்து, விருந்தாளிகள் கோட்டைக் கழற்றி மாட்டும்வரை சூடாக வைக்கப் பார்க்கிறோம். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

மீதிப் பாதிக்குக் காரணம் கடிகாரம். மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் பேக்கனில் கொழுப்பு உருகி வழிய வேண்டும், ஈரம் வற்ற வேண்டும், அதன் பிறகுதான் நிறம் பிடிக்கும். ஓவனில் இதற்கு 20, 25 நிமிடம் ஆகும். சாசேஜுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ப்ரூன் வேக வேண்டியதே இல்லை, சூடேறினால் போதும். சிப்பிக்கு மூன்று நான்கு நிமிடம். ஆக, பன்றியில் உள்ளும் புறமும் ஒரே கடிகாரம். பிசாசில் உள்கடிகாரம் ஓடுவதே இல்லை. தேவதையில் அது தலைதெறிக்க ஓடுகிறது. மூன்றையும் ஒரே ட்ரேயில் வைத்து ஒரே நேரத்தில் எடுக்க நினைத்தால் ஒன்றாவது கெடும்.

கிரில் என்ற சொல்லையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். பிரிட்டனில் கிரில் என்றால் மேலிருந்து விழும் அனல், ஓவனின் உச்சியில் சிவக்கும் கம்பி. கரி அடுப்பு இல்லை. இது தெரியாமல் தோட்டத்து பார்பெக்யூவில் தேவதைகளை வைத்து, சொட்டும் கொழுப்பில் தீப்பிடித்து, எல்லாவற்றையும் பிசாசாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

சுற்று அவிழ்ந்து, பேக்கன் ஒரு பக்கம் சாசேஜ் ஒரு பக்கம் கிடக்கிறது

முதலில் குப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பேக் பேக்கன் என்று இருந்தால் விசாரணை முடிந்தது. அது முதுகுப்பக்கத்து இறைச்சி, காலையில் முட்டையோடு பொரிக்க ஏற்றது. அகலமாக இருக்கும், கொழுப்பு ஓரத்தில் மட்டும் இருக்கும், சூடு பட்டதும் கிண்ணம்போல் குவிந்துகொள்ளும். சுற்றுவதற்கு வேண்டியது வயிற்றுப்பக்கத்து ஸ்ட்ரீக்கி பேக்கன். கொழுப்பும் சதையும் வரிவரியாக ஓடும், நீளமாக இருக்கும், மடங்கிக் கொடுக்கும். தோல் நீக்கியதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்ட்ரீக்கிதான் வாங்கினேன், அப்படியும் அவிழ்ந்தது என்றால் நீங்கள் அதை இழுத்து நீட்டவில்லை. இதைச் செய்முறைகளில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், படிப்பவரும் தாண்டிவிடுவார். வேலையே இங்கேதான் இருக்கிறது. பேக்கன் துண்டைப் பலகையில் கிடத்துங்கள். ஒரு முனையை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். கத்தியின் கூர் இல்லாத முதுகை லேசாகச் சாய்த்து வைத்து, விரலுக்குப் பக்கத்திலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பாக இழுங்கள். அழுத்தம் அதிகமானால் கிழியும், குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். தோசைக்கல்லில் மாவை இழுக்கும் கைப்பக்குவம் இருந்தால் போதும். மூன்று நான்கு இழுப்பில் துண்டு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும், வெள்ளைக் கொழுப்பு மெல்லிசாகி அடியில் பலகையின் கோடு தெரியும். அப்போது நிறுத்துங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு இழுத்தால் கொழுப்பு விறைத்துக் கிழியும், பத்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டு இழுங்கள்.

இழுத்த துண்டை இரண்டாக வெட்டினால் ஒரு பாதி ஒரு சிப்போலாட்டாவுக்குச் சரியாக வரும். பேக்கன் ஓவனில் சுருங்கத்தான் செய்யும். இழுக்காத பேக்கன் சுருங்கும்போது கனமாக விறைத்துக்கொண்டு திறந்துவிடும், இழுத்தது உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். முனை அடியில் வரும்படி வையுங்கள், தன் எடையே அதை அழுத்திக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் தொட வேண்டாம். திருப்பிப் பார்க்கும் ஆசையில்தான் பாதி அவிழ்கிறது.

பல்குத்தும் குச்சியால் குத்தி நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. சாசேஜில் குத்தினால் தோலில் ஓட்டை விழுந்து சாறு வடிந்துவிடும். ப்ரூனுக்கும் சிப்பிக்கும் குத்தலாம், அவை வழுக்குபவை. குச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் கிரில்லில் எரியாது. எங்கள் பப்பில் குச்சியை எண்ணிக் குத்தி, எண்ணி எடுப்போம். ஒன்று குறைந்தாலும் தட்டு வெளியே போகாது.

பேக்கன் வெளுத்துக் கிடக்கிறது, ட்ரேயில் வெள்ளை நுரைத் தண்ணீர் நிற்கிறது

இது எனக்கே நடந்தது. அந்தச் சமையலறையில் என் முதல் கிறிஸ்துமஸ். இருநூற்றுச் சொச்சம் பன்றிகளைச் சுற்றி, இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நான்கு ஆழமான ட்ரேக்களில் தோளோடு தோள் ஒட்ட அடுக்கி உள்ளே தள்ளினேன். அரைமணி கழித்துத் திறந்தால் எல்லாம் சாம்பல் நிறம், வியர்த்துப்போய்க் கிடந்தன. தலைமைச் சமையல்காரர் ஒன்றும் பேசவில்லை. ட்ரேயின் ஒரு மூலையைச் சாய்த்து, தேங்கியதை ஒரு ஜக்கில் ஊற்றி என் கையில் கொடுத்தார். பாதி ஜக் இருந்தது. நான் அவற்றை வாட்டவில்லை, வேகவைத்திருந்தேன்.

அந்தத் தண்ணீர் வருவது பேக்கனைப் பதப்படுத்தும் முறையால். சூப்பர்மார்க்கெட்டின் மலிவு பேக்கனில் உப்புநீரை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். சூடு பட்டதும் அந்த நீர், கரைந்த புரதத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். வெள்ளை நுரையாக உறைவது அந்தப் புரதம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ட்ரேயில் தண்ணீர் நிற்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் பிடிக்காது. பொருட்பட்டியலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். உலர்முறையில் பதப்படுத்திய பேக்கனில், அதாவது உப்பை மேலே தேய்த்துப் பக்குவப்படுத்தியதில், இந்தத் தொல்லை மிகக் குறைவு. விலை கூடுதல்தான். நான் மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க மாட்டேன்.

இப்போதே ட்ரேயில் தண்ணீர் நிற்கிறதா? ஓரமாகச் சாய்த்து வடித்துவிடுங்கள். இரண்டு ட்ரேயாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு விரல் இடம் விட்டு, ஓவனைச் சாதாரண முறையில் 220-க்கு ஏற்றி எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பெரும்பாலும் தேறிவிடும். அடுத்த முறை விளிம்பு குட்டையான தட்டை ட்ரேயில் தொடங்குங்கள். ஆழமான ட்ரேயின் சுவர்கள் நீராவியை வெளியே விடாது.

வான்கோழியோடு சேர்த்து உள்ளே வைத்தவர்களுக்கும் இதே கதைதான். பறவை இருக்கும் ஓவனில் சூடும் குறைவு, ஆவியும் அதிகம். பறவையை வெளியே எடுத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆறவிடத்தானே போகிறீர்கள்? அந்த இடைவெளி பன்றிகளுக்கு உரியது. ஓவனை 200-க்கு ஏற்றுங்கள். விசிறி ஓவனானால் 180, கேஸ் ஓவனானால் மார்க் 6. சிப்போலாட்டாவுக்கு 25 முதல் 30 நிமிடம், சின்ன காக்டெயில் சாசேஜுக்கு ஐந்து நிமிடம் குறைவு.

மேலே சிவந்திருக்கிறது, அடி மட்டும் ஊறிக் கிடக்கிறது

உருகிய கொழுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. ட்ரேயின்மேல் கம்பி வலை வைத்து அதன்மேல் அடுக்கினால் கொழுப்பு கீழே சொட்டிவிடும். வலை இல்லையென்றால் பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். எடுத்தவுடன் தட்டில் குவித்து ஃபாயிலால் மூடுவதும் இதே பலனைத் தரும், மூடிய ஆவி எல்லா மொறுமொறுப்பையும் தின்றுவிடும். சூடாக வைத்துத்தான் ஆக வேண்டுமானால் மூடாமல், வலைமேல், 100 டிகிரி ஓவனில் இருபது நிமிடம் வைக்கலாம். அதற்குமேல் சாசேஜ் வறளும்.

வெளியே கருகல், உள்ளே வேகவில்லை; அல்லது உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிகிறது

இவை இரண்டு வேறு புகார்கள், ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது கிரில்லின் வேலை. கிரில் மேலே மட்டும் சுடும், சாசேஜின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் பேக்கன் கரியாகிவிடும். பன்றிக்கு ஓவன்தான். தடித்த பிரேக்ஃபாஸ்ட் சாசேஜைச் சுற்றியிருந்தாலும் இப்படி ஆகும். சிப்போலாட்டா ஒன்று சுமார் 30 கிராம், அந்தப் பருமனுக்குத்தான் பேக்கனின் கடிகாரம் பொருந்தும். உறைபெட்டியிலிருந்து எடுத்து முழுதாக உருகாமல் வைத்தாலும் நடு பச்சையாக நிற்கும்.

இரண்டாவது பல சமயம் கோளாறே இல்லை. பேக்கனைப் பதப்படுத்தும் நைட்ரைட் உப்புதான் அதன் சிவப்பை வெந்த பிறகும் காப்பாற்றுகிறது. அதே உப்பு ஒட்டியிருக்கும் சாசேஜுக்குள்ளும் கொஞ்சம் இறங்கி, ஓரச் சதையை இளஞ்சிவப்பாக்கும். வெட்டிப் பார்த்து ஓரத்தில் சிவப்பு, நடுவில் சாம்பல் என்றால் நைட்ரைட். நடுவில் சிவந்து, தொட்டால் களிபோல் இருந்தால் பச்சை. கண்ணை நம்பாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நடுவில் 70 டிகிரி இரண்டு நிமிடம், அல்லது 75 டிகிரி 30 விநாடி என்பதுதான் பிரிட்டனின் உணவுத் தர நிறுவனமான எஃப்எஸ்ஏ சொல்லும் கணக்கு. 

தேன் தடவினேன், கருகி ட்ரேயோடு ஒட்டிவிட்டது

ஆரம்பத்திலேயே தடவியிருப்பீர்கள். தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே கறுக்க ஆரம்பிக்கும், 25 நிமிடம் தாங்காது. கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே எடுத்து, கொழுப்பை வடித்து, ஒரு கரண்டி தேனும் ஒரு கரண்டி கடுகு விழுதும் கலந்து தூரிகையால் தடவி மறுபடி வையுங்கள். அடியில் பேக்கிங் பேப்பர் போடுங்கள், ஃபாயில் வேண்டாம். தேன் ஃபாயிலில் ஒட்டினால் பேக்கனைப் பிரிக்க முடியாது, வெள்ளி ஜரிகையோடுதான் சாப்பிட வேண்டும்.

சிப்பி ரப்பர்போல் ஆகிவிட்டது

இந்த ஒன்றுக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் சிப்பி ஏழைகளின் சாப்பாடு, தெருவண்டியில் கிடைத்தது. படுகைகள் வற்றி விலை ஏறிய பிறகு அது பணக்காரச் சாமானாகிவிட்டது. இன்று ஒரு டஜன் வாங்கி, பேக்கன் மொறுமொறுப்பாகட்டும் என்று அதை இருபது நிமிடம் வாட்டுபவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பச்சைப் பேக்கனில் பச்சைச் சிப்பியைச் சுற்றாதீர்கள். பல செய்முறைகள் அப்படித்தான் சொல்கின்றன, அவை தவறு என்றே சொல்வேன். பேக்கனின் நேரத்தை முன்கூட்டியே செலவழித்துவிட வேண்டும். இழுத்து நீட்டிய ஸ்ட்ரீக்கியை வலைமேல் பரப்பி, கிரில்லுக்கு அடியில் பாதிக்குமேல் வேகவிடுங்கள். கொழுப்பு உருகி, ஓரம் லேசாகச் சிவந்து, ஆனால் இன்னும் மடியக்கூடிய பதம். விறைத்துவிட்டால் சுற்ற வராது. அந்தச் சூட்டோடேயே சிப்பியைச் சுற்றிக் குச்சி குத்தி, நன்றாகக் காய்ந்த கிரில்லுக்கு அடியில் ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், மறுபக்கம் ஒன்றரை நிமிடம். அவ்வளவுதான்.

வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றின் இரு பக்கமும் எட்டிப்பார்க்கும் சிப்பியின் ஓரத்தைப் பாருங்கள். அந்தக் கறுத்த விளிம்பு முதலில் தளர்ந்து தொங்கும். வேகும்போது புடவைக் கொசுவம்போல் மடிமடியாகச் சுருங்கும், சதை உப்பிக்கொள்ளும். கொசுவம் விழுந்ததும் எடுத்துவிடுங்கள். இன்னும் அரை நிமிடம் என்று யோசித்தால் அந்த அரை நிமிடத்தில் உப்பிய சதை வற்றி, பாதியாகி, நீங்கள் புகார் சொல்லும் ரப்பராகிவிடும். ரப்பரானதை மீட்க வழியில்லை.

இன்னொன்று: இத்தனை குறைந்த நேரம் சுட்ட சிப்பி நோய்க்கிருமி எல்லாம் அழிந்த சிப்பி ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் பிசாசைக் கொடுங்கள், தேவதையை அல்ல. ஓடு திறந்து கிடக்கும் பச்சைச் சிப்பியை மேசையில் தட்டிப் பாருங்கள், மூடிக்கொள்ளாததைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சிப்பி நீர்விட்டு டோஸ்ட்டையே நனைத்துவிட்டது

ஓட்டைத் திறந்ததும் வழியும் நீரோடு சிப்பியைச் சுற்றியிருப்பீர்கள். டீ வடிகட்டியில் போட்டு நீரை வடியவிட்டு, கிச்சன் டவல்மேல் வைத்து மேலேயும் ஒற்றுங்கள். வடித்த நீரைக் கொட்டாதீர்கள், மீன் குழம்புக்கோ சூப்புக்கோ ஒரு கரண்டி விட்டால் கடல் வாசனை கிளம்பும். சிப்பியை முன்கூட்டியே சுற்றி வைப்பதும் கூடாது, பேக்கனின் உப்பு அதிலிருந்து நீரை இழுத்துவிடும். கிரில் காயும்போதுதான் சுற்ற வேண்டும்.

சதை பால்போல் கரைந்து வந்தால் அது பருவத்தின் கோளாறு. கோடையில் சிப்பி இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது உள்ளே பாலாடைபோல் இருக்கும், சூட்டில் குழைந்துவிடும். கோல்செஸ்டர், விட்ஸ்டபிள் பக்கத்து உள்ளூர் நேட்டிவ் சிப்பிக்குப் பருவம் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. ராக் எனப்படும் பசிபிக் சிப்பி வருஷம் முழுவதும் விற்கும் என்றாலும் குளிர்காலத்தில்தான் சதை திண்ணென்று இருக்கும். இந்தப் பலகாரத்துக்கு நான் ராக்தான் வாங்குவேன். நேட்டிவைப் பேக்கனுக்குள் மறைப்பது பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டர் போடுவதுபோல.

டோஸ்ட்டைப் பற்றி: சாதாரண ரொட்டி வாட்டல் சீக்கிரம் நனையும். வட்டமாக வெட்டிய ரொட்டியைப் பேக்கன் உருக்கிய கொழுப்பிலேயே இரு பக்கமும் பொரித்தால் தாங்கும். மேலே எலுமிச்சை இரண்டு சொட்டு, காயென் மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை.

பிசாசு வெடித்து உள்ளே இருப்பதெல்லாம் வழிந்துவிட்டது

அளவுக்குமேல் அடைத்திருப்பீர்கள். ப்ரூனுக்குள் ஒரு தோலுரித்த பாதாம், அல்லது கடுகு அளவு இல்லாமல் கடலை அளவு சட்னி, அல்லது சின்னத் துண்டு ஸ்டில்டன் சீஸ், ஏதாவது ஒன்றுதான். சீஸ் உருகி வழியும் என்பதால் ப்ரூனின் வாயை மூடி, அந்த மூடிய பக்கத்தின்மேல் பேக்கன் வரும்படி சுற்றுங்கள். என் ஓட்டு பாதாமுக்கே. கடிக்கும்போது பேக்கனின் மொறுமொறுப்பு, ப்ரூனின் குழைவு, நடுவில் ஒரு கடக்.

செய்முறையில் மாங்கோ சட்னி என்று பார்த்துவிட்டுப் பச்சை மாங்காய்ச் சட்னி அரைத்து அடைத்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கொண்டுபோய்த் தங்கள் நாக்குக்கு மாற்றிக்கொண்ட பாட்டில் சாமான் அது. சர்க்கரைப் பாகில் ஊறிய மாங்காய்த் துண்டு, வினிகர், இஞ்சி. நம் வீட்டு மாங்காய்ப் பச்சடியை இன்னும் கெட்டியாக்கினால் அதற்குக் கிட்டே வரும்.

பிசாசு வெறும் தித்திப்பாக இருக்கிறது, பிசாசுத்தனமே இல்லை

பிரிட்டன் சமையலில் டெவில் என்ற சொல் காரத்தைக் குறிக்கும். கடுகும் காயெனும் போட்டுப் புரட்டியதெல்லாம் 'டெவில்ட்'. காரமில்லாமல் சுற்றினால் அது குதிரைமேல் உலர்பழம். பேக்கனின் உள்பக்கத்தில் ஆங்கிலக் கடுகு விழுதை மெல்லிசாகப் பூசி, காயென் தூவிச் சுற்றுங்கள். பேரீச்சை போட்டவர்கள் இரட்டிப்பாகத் தூவலாம், அது ப்ரூனைவிடத் தித்திப்பு. ப்ரூனைச் சூடான கட்டித் தேநீரில் அரைமணி ஊறவைத்தால் லேசான துவர்ப்பு ஏறித் தித்திப்பை அடக்கும். பிராந்தியில் ஊறவைப்பவர்களும் உண்டு, குழந்தைகள் தட்டில் கை வைக்கும் வீட்டில் தேநீரே போதும். ஊறியதைத் துடைத்துவிட்டுச் சுற்றுங்கள், ஈரத்தோடு சுற்றினால் பேக்கனின் உள்பக்கம் வேகாமல் வழவழவென்று நிற்கும்.

விதை நீக்கியது என்று பாக்கெட்டில் இருந்தாலும் ஒவ்வொரு ப்ரூனையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். இயந்திரம் தவறவிட்ட விதைத்துண்டு ஒன்று பல் வைத்தியர்வரை கொண்டுபோய்விடும்.

உப்பு கரிக்கிறது

ஸ்ட்ரீக்கி பேக்கனில் 100 கிராமுக்குச் சுமார் 2.5 முதல் 3 கிராம்வரை உப்பு இருக்கும், ஈரம் வற்றும்போது இன்னும் தூக்கலாகும். சிப்பி தானே கடல்நீர்ப் பாத்திரம். வேறு எதிலும் உப்புப் போடாதீர்கள், வெண்ணெய்கூட உப்பில்லாததாக இருக்கட்டும். ஸ்டில்டனை விட்டுவிட்டுப் பாதாமுக்கு மாறுங்கள். தேவதைக்குப் புகையூட்டாத பேக்கன் நல்லது, புகை வாசனை சிப்பியை அமுக்கிவிடும். பிசாசுக்கு மட்டும் புகையூட்டியது பொருந்தும்.

வீடெல்லாம் புகை, அலாரம் அலறுகிறது

ட்ரேயில் சேர்ந்த கொழுப்பு கிரில் சூட்டில் புகைகிறது. வலைக்கு அடியில் இருக்கும் ட்ரேயில் அரை செ.மீ. தண்ணீர் ஊற்றுங்கள், சொட்டும் கொழுப்பு அதில் விழுந்து அடங்கும். ஆவி வருமே என்று கேட்பீர்கள். கிரில் மேலே சுடுவதால் இந்தக் குறைந்த நேரத்தில் கெடுதல் இல்லை, ஓவன் முறையில் இதைச் செய்யாதீர்கள். கொழுப்பு தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கிரில்லை அணைத்துவிட்டு ட்ரேயை அசைக்காமல் விடுங்கள்.

ஏர் ஃப்ரையரில் வைத்தால் பேக்கன் பறந்து மேலே ஒட்டுகிறது

விசிறிக் காற்று தளர்ந்த முனையைத் தூக்கிவிடும். சாசேஜிலும் குச்சி குத்த இங்கே மட்டும் நான் ஒத்துக்கொள்வேன், அல்லது முனையை முந்திய சுற்றுக்குள் செருகுங்கள். பன்றிக்கு 180-இல் 12 முதல் 15 நிமிடம், ஒரே அடுக்காக. மற்றபடி பத்து இருபது செய்ய இதுவே நல்ல கருவி, கொழுப்பு தானே கீழே போய்விடும். தேவதையை மட்டும் இதில் வைக்காதீர்கள், கொசுவம் விழுவதைப் பார்க்க முடியாது.

பன்றி வேண்டாம் என்று வான்கோழி பேக்கன் போட்டேன், காய்ந்த பட்டைபோல் ஆகிவிட்டது

அதில் உருகக் கொழுப்பு இல்லை, இழுத்தால் நீளாது, கிழியும். சுற்றிய பிறகு எண்ணெய் தடவி, நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். பேரீச்சைக்கு நன்றாகப் பொருந்தும். சாசேஜுக்கு என்றால் சாசேஜை முக்கால் பதம் தனியாக வேகவைத்துவிட்டுச் சுற்றுங்கள்.

செய்முறையில் பேக்கனே இல்லை, மாவுதான் வருகிறது

அமெரிக்கச் செய்முறையைத் திறந்திருக்கிறீர்கள். அங்கே பிக்ஸ் இன் பிளாங்கெட் என்றால் சாசேஜை மாவில் சுருட்டிச் சுட்டது. பெயர் ஒன்று, பண்டம் வேறு.

முந்தின நாளே செய்து வைக்கலாமா, மீந்ததை என்ன செய்வது

பன்றியையும் பிசாசையும் முந்தின இரவே சுற்றி, மூடி, குளிர்பெட்டியில் வைக்கலாம். சாசேஜும் பேக்கனும் ஏற்கெனவே உறைந்து உருகியவையாக இல்லாவிட்டால், பச்சையாகவே உறையவைக்கவும் செய்யலாம். முதலில் ட்ரேயில் தனித்தனியாக உறையவிட்டுப் பிறகு பையில் போட்டால் கட்டியாக ஒட்டாது. முந்தின இரவு குளிர்பெட்டிக்கு மாற்றி முழுதாக உருகவிட்டுச் சுட வேண்டும். தேவதைக்கு இதெல்லாம் இல்லை, சிப்பி கடைசி நிமிடத்துப் பண்டம்.

வெந்து மீந்த பன்றிகளை மைக்ரோவேவில் வைத்தால் பேக்கன் தோல்வாராகிவிடும். 180 டிகிரி ஓவனில் பத்து நிமிடம், நடுவரை கொதிக்கக் கொதிக்கச் சூடாகும்படி, ஒரே ஒரு முறைதான் சூடாக்கலாம். எங்கள் பப்பில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்ஸிங் டே காலையில் மிஞ்சியதை நீளவாக்கில் பிளந்து, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி தவாவில் வாட்டி, கிரான்பெர்ரி சாஸ் தடவிய ரொட்டிக்குள் வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவோம். அந்த ரொட்டிக்காக நான் முதல் நாளே ஆறு எடுத்து ஒளித்து வைப்பது வழக்கம்.